கொட்டுக்கு முன்னால் கோப்பு: சென்னைக் கல்லூரி வளாகங்களில் கலை நிகழ்ச்சி நடத்தப் போகிறவர்களுக்கு

சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் துறையில் இரண்டு நாள் தெருக்கூத்து நிகழ்ச்சி நடத்தும் பொறுப்பை நானாகப் போய்த் தலையில் போட்டுக்கொண்டேன். பகலில் மாணவர்களுக்குப் பயிலரங்கு, இரண்டாம் நாள் மாலை முழு வேடத்துடன் கூத்து. நிகழ்ச்சி நன்றாகவே நடந்தது. செய்யாற்றுப் பக்கத்திலிருந்து வந்த குழுவுக்குப் பணம் போய்ச் சேரத்தான் 11 வாரம் ஆனது. அத்தனை நாளில் குழுத் தலைவரான கூத்து வாத்தியார் என்னை ஒரே ஒரு முறைதான் அழைத்தார். "தம்பி, உடம்புக்கு ஒன்றும் இல்லையே? குரல் கேட்டு நாளாயிற்று" என்றார். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

சென்ற ஆண்டு மறுபடி நடத்தினேன். அவர் வேடம் கலைத்து முகம் கழுவி வருவதற்குள் பணம் ஏறிவிட்டதாக வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவில் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். கூத்தை வைத்துச் சொன்னாலும் பறையாட்டம், நாகஸ்வரக் கச்சேரி, நவீன நாடகம், பொம்மலாட்டம் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் இதே வழிதான். கீழே வரும் செலவுத் தொகைகள் எங்களுக்கு ஆனவை. உங்கள் வளாகத்தில் கொஞ்சம் கூடும், குறையும்.

1. நாள் குறிக்கும்முன் மூன்று காலண்டர்களைப் பாருங்கள்

முதலாவது வளாகத்தின் காலண்டர். பருவத் தேர்வுகள் நவம்பர், டிசம்பரிலும் ஏப்ரல், மே மாதங்களிலும் வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். நடுவில் வரும் அகமதிப்பீட்டுத் தேர்வு வாரங்களைத்தான் மறந்துவிடுவோம். அந்த வாரத்தில் வைத்தால் நாற்காலிகள்தான் கூத்துப் பார்க்கும்.

இரண்டாவது மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை திறந்தவெளி மேடை என்ற நினைப்பையே விட்டுவிடுங்கள்.

மூன்றாவது கலைஞர்களின் காலண்டர். இதை வளாகத்தில் யாரும் பார்ப்பதில்லை. வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து பங்குனியில் தொடங்கி ஆடி வரை ஓடும். நல்ல குழுவுக்கு அந்த மாதங்களில் இரவுகள் முழுவதும் ஏற்கெனவே அச்சாரம் வாங்கியதாக இருக்கும். ஆடியில் பறை, கரகம், நாகஸ்வரம் எதற்கும் ஆள் கிடைப்பது அரிது. கர்நாடக இசை என்றால் மார்கழியில் எல்லாரும் சபாக்களில் இருப்பார்கள். ஒலியமைப்பாளருக்கும் அப்போதுதான் கிராக்கி. பொங்கலை ஒட்டிச் சென்னை சங்கமம் நடக்கும் நாட்களில் நாட்டுப்புறக் குழுக்கள் நகரத்துப் பூங்காக்களில் ஆடிக்கொண்டிருக்கும். ஜனவரியில் ஐஐடியின் கலைவிழாவான சாரங் நடக்கும் நாட்களில் உங்கள் மாணவர்களில் பாதிப் பேர் அங்கே இருப்பார்கள்.

இவற்றையெல்லாம் கழித்தால் மிஞ்சுவது இரண்டு காலங்கள்: ஜனவரி கடைசி வாரம் முதல் பிப்ரவரி முடிய, ஆவணி பிறந்த பிறகு, அதாவது ஆகஸ்ட் பிற்பாதி முதல் செப்டம்பர் முடிய. இரண்டாவதில் விநாயகர் சதுர்த்தியையும் சிலைகள் கரைக்கப்படும் நாட்களையும் தள்ளிவிடுங்கள். அப்போது காவல் நிலையத்தில் உங்கள் கடிதத்தைப் பிரித்துப் பார்க்க ஆள் இருக்காது.

மார்ச் மாதத்தை ஏன் விட்டேன் என்று கேட்பீர்கள். நான் விழுந்த குழியே அதுதான். முதல் நிகழ்ச்சியை மார்ச் 23, 24 தேதிகளில் வைத்தேன். மார்ச் 31 உடன் நிதியாண்டு முடிகிறது. கணக்குப் பிரிவு அந்த ஆண்டுக்கான பில்களை மார்ச் நடுவிலேயே வாங்குவதை நிறுத்திவிட்டது. ஏப்ரலில் கொண்டுபோனால், "இது போன ஆண்டு ஒதுக்கீடு, புதிதாக ஒப்புதல் வாங்கி வாருங்கள்" என்றார்கள். மறுபடி துறைத் தலைவர், மறுபடி பதிவாளர், மறுபடி நிதி அலுவலர். நடுவில் தேர்வு, கோடை விடுமுறை. 11 வாரக் கணக்கு புரிந்திருக்கும்.

2. நிகழ்ச்சி யார் பெயரில் நடக்கிறது?

மாணவர் மன்றத்தின் பெயரிலா, துறையின் பெயரிலா, வெளி அமைப்பின் பெயரிலா என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். அரங்க வாடகை, பாதுகாப்பு, பணம் எல்லாமே இதைப் பொறுத்துத்தான் மாறும். துறையின் பெயரில் நடத்தினால் வாடகைச் சலுகை உண்டு. வெளி அமைப்பின் பெயரில் நடத்தினால் முழு வாடகை, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி.

மாணவரின் பெயரிலோ ஆய்வாளரின் பெயரிலோ முன்பணம் தரமாட்டார்கள். நிரந்தரப் பணியில் இருக்கும் ஆசிரியர் ஒருவர் ஒருங்கிணைப்பாளராகக் கையெழுத்திட வேண்டும். கலையில் ஆர்வம் உள்ளவரைத் தேடுவதைவிட, கைப்பேசியை எடுக்கிறவரைத் தேடுங்கள். அடுத்த இரண்டு மாதத்தில் அவர் ஓய்வுபெறப் போவதில்லை என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஓய்வுபெறும் நேரத்தில் பெயரில் தீராத முன்பணம் இருந்தால் நிலுவையில்லாச் சான்று கிடைக்காது. அந்தப் பயத்தில் கையெழுத்தே போடமாட்டார்.

3. கருத்துரு: இரண்டு பக்கம் போதும்

கருத்துரு என்பது ஒப்புதலும் பணமும் கேட்டு எழுதும் முன்மொழிவு. நிகழ்ச்சிக்கு 60 நாள் முன்பு கொடுத்துவிடுங்கள். முதல் பக்கத்தில் என்ன நிகழ்ச்சி, எந்தப் பாடத்தோடு தொடர்புடையது, எத்தனை மாணவர்கள், எந்த நாள், எந்த இடம். "பாரம்பரியக் கலையைக் காக்கும் உன்னத நோக்குடன்" என்று ஆரம்பிக்கும் பத்திகளை யாரும் படிப்பதில்லை. "முதுகலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு, நாட்டுப்புறவியல் தாளின் மூன்றாம் அலகுக்கான செய்முறை" என்று ஒரு வரி எழுதினேன். பதிவாளர் அலுவலகத்தில் அந்த வரியைத்தான் பேனாவால் அடிக்கோடிட்டார்கள்.

இரண்டாம் பக்கத்தில் வரவு செலவுத் திட்டம். முதல் முறை 90,000 ரூபாய்க்குப் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டேன். இரண்டாம் முறை உண்மையில் ஆன செலவு இது:

கூத்துக் குழு, 14 பேர்: 48,000
வேன், போக வர: 13,500
ஒலி, ஒளி: 26,000, ஜிஎஸ்டி 4,680
அரங்கம், துறைச் சலுகையுடன்: 5,000
பயிலரங்கு மதிப்பூதியம், 2 பேருக்கு 2 நாள்: 12,000
உணவு, தேநீர்: 11,200
மின்பணியாளர், காவலர், துப்புரவுப் பணியாளரின் கூடுதல் நேரப் படி: 3,600
சுவரொட்டி, சான்றிதழ்: 4,300
சில்லறை: 5,000

மொத்தம் 1,33,280 ரூபாய். அரங்கத்துக்குக் கட்டித் திரும்ப வாங்கிய 10,000 ரூபாய் காப்புத் தொகை இதில் சேரவில்லை. புதியவர்கள் விட்டுவிடுவது ஜிஎஸ்டியையும் கூடுதல் நேரப் படியையும்தான். மாலை 6 மணிக்கு மேல் அரங்கம் திறந்திருந்தால் மின்பணியாளர் இருந்தே ஆகவேண்டும். அவருக்குப் படி தந்தே ஆகவேண்டும்.

ஒலி, ஒளிக்கு மூன்று விலைப்புள்ளிகளை இணையுங்கள். மூன்றும் வெவ்வேறு கடைகளிலிருந்து, தேதி போட்டு, ஜிஎஸ்டி எண்ணுடன். கலைஞர்களுக்கு விலைப்புள்ளி கேட்பது அபத்தம். ஆனால் கேட்பார்கள். "இது பொருள் கொள்முதல் அல்ல, குறிப்பிட்ட கலைஞரின் நிகழ்த்துகை, ஒப்பீடு பொருந்தாது" என்று ஒருங்கிணைப்பாளர் கையெழுத்தில் ஒரு குறிப்பைக் கருத்துருவிலேயே சேர்த்துவிட்டால் அந்தக் கேள்வி எழாது.

கோப்பு தானாக நடக்காது. துறையிலிருந்து புறப்பட்ட நாள், எண், இப்போது எந்த மேசையில் இருக்கிறது என்பதை ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். வாரம் இரண்டு முறை நேரில் போய்ப் பாருங்கள். காலை 11 முதல் 12.30 வரை நல்ல நேரம். பிரிவு எழுத்தரிடம் அதிகாரமாகப் பேசாதீர்கள். உங்கள் நிகழ்ச்சி நடப்பதும் நடக்காததும் பாதி அவர் கையில் இருக்கிறது. எங்கள் பிரிவில் இருந்த அம்மா வந்தவாசிக்காரர். கூத்து என்றதும் சின்ன வயதில் விடிய விடியப் பார்த்த கதையைச் சொன்னார். அவருக்காகவே முதல் வரிசையில் இரண்டு நாற்காலி போட்டேன்.

4. அரங்கம்

45 நாள் முன்பே பதிவு செய்யுங்கள். பட்டமளிப்பு விழாவோ துணைவேந்தர் நிகழ்ச்சியோ வந்தால் உங்கள் பதிவைத் தள்ளிவைக்க நிர்வாகத்துக்கு உரிமை உண்டு என்று படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். அதனால் மாற்று இடம் ஒன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டும்முன் மேடையில் ஒரு முறை செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பாருங்கள். பளபளப்பான டைல்ஸ் போட்ட மேடையில் சலங்கை கட்டிச் சுழன்று ஆடினால் வழுக்கும். எங்கள் அரங்கில் வேடம் கட்டியவர் முதல் சுற்றிலேயே கால் இடறி, கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் தாங்கிப் பிடித்தார். கூட்டம் அதையும் வேடிக்கை என்று நினைத்துக் கைதட்டியது. இரண்டாம் முறை 400 ரூபாய்க்கு முரட்டுச் சணல் விரிப்பு வாடகைக்கு எடுத்து, நான்கு ஓரமும் ஒட்டுநாடா போட்டேன். சலங்கை தரையைக் கீறுகிறது என்று காப்புத் தொகையில் பிடிப்பதும் இதனால் நின்றது.

ஒப்பனைக்கு ஓர் அறை கேளுங்கள். பெரிய அறையாக இருக்க வேண்டும் என்பதில்லை. தரையில் பாய் விரிக்க இடம், நல்ல வெளிச்சம், பக்கத்தில் தண்ணீர் இருந்தால் போதும். அரிதாரம் பூசி, தோளில் கட்டை கட்டி, கிரீடம் வைக்க இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். எனவே மாலை 6 மணிக் கூத்துக்கு அறை மதியம் 2 மணிக்கே திறந்திருக்க வேண்டும். சாவி யாரிடம் இருக்கிறது, அவர் எத்தனை மணிக்குச் சாப்பிடப் போவார் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

5. கலைஞர்களிடம் பேசுவது

தொலைபேசியில் விலை பேசாதீர்கள். ஒரு நாள் ஒதுக்கி அவர்கள் ஊருக்குப் போய்வாருங்கள். கூத்து வாத்தியாரிடம் வெற்றிலை பாக்குடன் அச்சாரம் கொடுத்தால்தான் அந்த நாள் உங்களுடையது. பல்கலைக்கழகத்தின் முன்பணம் அதற்குள் வந்திருக்காது. நான் இரண்டு முறையும் 5,000 ரூபாயைக் கைக்காசாகக் கொடுத்தேன். திரும்பி வருவதற்கு அத்தாட்சியாக அங்கேயே ரசீது எழுதி வாங்கிக்கொண்டேன்.

விடிய விடிய ஆடுகிற கூத்தை வளாகத்துக்காக இரண்டு மணி நேரமாகச் சுருக்க வேண்டியிருக்கும். எதைச் சுருக்குவது என்று நீங்கள் சொல்லாதீர்கள், நேரத்தை மட்டும் சொல்லுங்கள். திரைக்குப் பின்னாலிருந்து வேடம் பாடிக்கொண்டு வரும் இடத்தைக் குறைக்கச் சொல்லி முதல் முறை நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "வேடம் வருவதே பாதிக் கூத்து தம்பி" என்றார் வாத்தியார்.

கேட்டு வாங்க வேண்டிய காகிதங்கள்: குழுத் தலைவரின் ஆதார், பான், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம் அல்லது ரத்து செய்த காசோலை; வருகிற எல்லாருடைய பெயர், வயது; நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டை இருந்தால் அதன் நகல்; விருதுச் சான்றிதழ்கள். இவற்றை எல்லாம் கையோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அஞ்சலில் அனுப்பச் சொன்னால் வந்து சேராது.

6. பணம்

பொறுமையாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான்.

பெயர்தான் முதல் சிக்கல். எங்கள் கணக்குப் பிரிவு கூத்துக் குழுவான நாடக மன்றத்தின் பெயரில் காசோலை எழுதியது. மன்றத்தின் பெயர் வேனிலும் திரையிலும் இருக்கிறது; வங்கியில் அந்தப் பெயரில் கணக்கே இல்லை. வாத்தியாருக்கு ஊரறிந்த பெயர் ஒன்று, ஆதாரில் உள்ள பெயர் ஒன்று, பான் அட்டையில் தந்தை பெயரோடு சேர்த்து இன்னொன்று. கருத்துரு, ஒப்பந்தக் கடிதம், ரசீது மூன்றிலும் வங்கிக் கணக்கில் இருக்கிற பெயரையே எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள். மேடைப் பெயர் அழைப்பிதழில் இருக்கட்டும்.

காசோலையைத் தவிர்த்து நேரடி வங்கிப் பரிமாற்றம் கேளுங்கள். காசோலைக்கு ஆயுள் மூன்று மாதம்தான். பெயர் திருத்தி, கையெழுத்து வாங்கி, அஞ்சலில் போய்ச் சேர்வதற்குள் பாதி ஆயுள் முடிந்துவிடும்.

பான் எண் இல்லாதவருக்கு வரிப் பிடித்தம் செய்ய வேண்டி வந்தால் 20 சதவீதம் போய்விடும். ஆதாருடன் இணைக்காமல் செயலிழந்த பான் எண்ணுக்கும் ஏறக்குறைய அதே கதிதான். எத்தனை சதவீதம் பிடிப்பார்கள் என்று கணக்குப் பிரிவிடம் முன்னதாகவே கேட்டு, கையில் எவ்வளவு வரும் என்பதை வாத்தியாரிடம் அச்சாரம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். பிடித்த வரியைத் திரும்பப் பெற வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். வணிகவியல் துறை மாணவர் ஒருவரிடம் சொன்னால் அரை மணி நேரத்தில் செய்து தருவார்.

கலைஞரிடம் ஜிஎஸ்டி எண் கேட்டால் பயப்படாதீர்கள். நாட்டுப்புறக் கலையோ செவ்வியல் கலையோ நிகழ்த்தும் கலைஞருக்கு, ஒரு நிகழ்ச்சிக்கு 1,50,000 ரூபாய் வரையிலான ஊதியத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. எங்கள் பிரிவு எழுத்தருக்கு அது தெரியாது. 2017 ஆம் ஆண்டு 12 ஆம் எண் அறிவிக்கையின் அச்சுப்பிரதியைக் கோப்பில் சொருகியதும் ஆட்சேபம் நின்றது.

எங்களுக்கு அன்றைக்கே பணம் கொடுக்க முடிந்த வழி இதுதான். கருத்துருவிலேயே "குழு ஊதியத்தை முன்பணமாக ஒருங்கிணைப்பாளர் கணக்கில் வரவு வைக்க" என்று ஒரு வரி கேட்டோம். 20 நாள் முன்பு ஒப்புதல் வந்தது, 6 நாள் முன்பு பணம் வந்தது. கூத்து முடிந்ததும் பேராசிரியர் தன் கைப்பேசியிலிருந்தே அனுப்பினார். சில இடங்களில் முன்பணத்தை இப்படிக் கொடுக்க விடமாட்டார்கள். நிறுவனமே நேரடியாக அனுப்பும். அப்படியென்றால் கலைஞரின் வங்கி விவரங்களைக் கணக்குப் பிரிவின் மென்பொருளில் முன்கூட்டியே பதிவு செய்யச் சொல்லுங்கள். நிகழ்ச்சிக்கு மறுநாள் காலை ரசீதைக் கொடுத்தால் ஒரு வாரத்தில் முடியும்.

5,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீது ஒவ்வொன்றிலும் 1 ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன்மேல் கையெழுத்து விழ வேண்டும். அஞ்சலகத்தில் ஒரு தாளாக வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கூத்து முடிந்து இரவு 9 மணிக்கு ரெவின்யூ ஸ்டாம்ப் தேடி நான் திருவல்லிக்கேணியில் பெட்டிக்கடை பெட்டிக்கடையாக ஏறி இறங்கியிருக்கிறேன்.

7. காவல் நிலையம், ஒலி, பதிப்புரிமை

மூடிய அரங்கில் உங்கள் மாணவர்களுக்கு மட்டும் என்றால் பதிவாளர் கையெழுத்திட்ட தகவல் கடிதம் ஒன்றை 15 நாள் முன்பு காவல் நிலையத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டால் பெரும்பாலும் போதும். திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைத்தால் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். 2000 ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மருத்துவமனை, நீதிமன்றம், கல்வி நிறுவனம் ஆகியவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்கவும் அதில் இடமுண்டு. உங்கள் வளாகமே அந்தப் பட்டியலில் இருக்கலாம் என்பதால் எஸ்டேட் அலுவலரிடம் கேட்டுவிடுங்கள். நாங்கள் 8.30க்கு முடிப்பதாக எழுதினோம், 8.50க்கு முடித்தோம்.

நாடகம் போடுகிறவர்களிடம் இன்னமும் சிலர் பிரதியைக் காவல் நிலையத்தில் காட்டச் சொல்வார்கள். அந்த நடைமுறைக்கு அடிப்படையான 1954 ஆம் ஆண்டு நாடக நிகழ்ச்சிச் சட்டப் பிரிவுகள் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2013 இல் தீர்ப்பளித்துவிட்டது. பல்கலைக்கழகம் கதைச் சுருக்கம் கேட்டால் ஒரு பக்கத்தில் கொடுங்கள், தகராறு வேண்டாம்.

பாரதக் கதைக்குப் பதிப்புரிமை இல்லை. இடைவேளையில் ஒலிபெருக்கியில் போடும் திரைப்பாட்டுக்கு உண்டு. நிறுவனத்தின் ஆசிரியர், மாணவர், பெற்றோர் மட்டும் இருக்கும் கூட்டத்துக்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு விலக்கு தருகிறது. பொதுமக்களை அழைத்தால் அந்த விலக்கு நிற்காது. பாட்டே போடாமல் விடுவது நல்லது. கூத்தில் ஊதும் முகவீணையைக் கேட்க வந்தவர்களுக்கு எதற்கு அது?

டிக்கெட் போடாதீர்கள். வரிக் கேள்விகள் வரிசையாக வரும்.

8. பயிலரங்கு: கலைஞர் ஆசிரியராக வரும்போது

மதிப்பூதியப் படிவத்தில் "கல்வித் தகுதி" என்று ஒரு கட்டம் இருக்கும். பேராசிரியருக்கு ஒரு தொகை, உதவிப் பேராசிரியருக்கு ஒரு தொகை, பட்டம் இல்லாதவருக்குக் கடைசித் தொகை. 40 ஆண்டு வேடம் கட்டிய வாத்தியார் ஐந்தாம் வகுப்பு. முதல் முறை அவருக்கு விழுந்த தொகையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். "துறை வல்லுநர்" என்று எழுதி, கலைமாமணியோ மாவட்டக் கலை மன்றம் தரும் கலை நன்மணி, கலை முதுமணி போன்ற விருதோ இருந்தால் சான்றிதழின் நகலை இணையுங்கள். விருது இல்லையென்றால் பணியாண்டுகளைக் குறிப்பிட்டுத் துறைத் தலைவர் தரும் கடிதம் போதும். இரண்டாம் முறை ஒரு நாளுக்கு ஒருவருக்கு 3,000 ரூபாய் ஒப்புதல் ஆனது இப்படித்தான்.

30 மாணவருக்கு மேல் சேர்க்காதீர்கள். மேசை நாற்காலிகளை முந்தின நாள் மாலையே அகற்றிவிடுங்கள். பவர்பாயின்ட் கேட்காதீர்கள். அடவு சொல்லித்தரும்போது அவர் யார் காலையாவது தடியால் தட்டினால் மாணவர் முறைக்கக்கூடும். தொடங்கும்போதே இருவரிடமும் பேசி வைத்துவிடுங்கள்.

9. நிகழ்ச்சி நாள்

வாயிற்காவலரிடம் வேன் எண், ஓட்டுநர் பெயர், வருகிறவர்கள் பட்டியல் மூன்றும் முந்தின நாளே இருக்க வேண்டும். எங்கள் வேன் திண்டிவனச் சாலையில் பழுதாகி வேறு வண்டி மாற்றி வந்தார்கள். எண் ஒத்துவரவில்லை என்று 70 நிமிடம் வாசலில் நின்றார்கள், ஆர்மோனியப் பெட்டி வெயிலில் காய. அனுமதிக் கடிதத்தில் "அல்லது மாற்று வாகனம்" என்ற மூன்று சொற்களைச் சேர்த்துவிடுங்கள்.

ஒலியமைப்பாளர் சட்டையில் குத்துகிற மைக்கோடு வருவார். தோள்கட்டையும் மார்புப் பதக்கமும் அதில் உரசி, அரங்கம் முழுக்கக் கரகரப்பாகக் கேட்கும். மேலிருந்து தொங்கும் மைக் இரண்டு, பின்பாட்டுக்கு ஒன்று. முகவீணைக்கு வேண்டவே வேண்டாம்.

பறை இருந்தால் நெருப்பைப் பற்றிப் பேசியாக வேண்டும். தோலைக் காய்ச்சினால்தான் ஓசை ஏறும். எங்கள் மாணவர் குழு அரங்கத்தின் பின்னால் வைக்கோலைக் கொளுத்தி நான்கு பறையைச் சுற்றி வைத்திருந்தது. காவலர் ஓடிவந்து ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார், நெருப்பின்மேல் பாதி, பறையின்மேல் பாதி. நனைந்த பறையை வைத்துக்கொண்டு அழாத குறை. காய்ச்சுவதற்கென்று ஒரு திறந்த இடம், மணல் வாளி, தீயணைப்பான் என்று எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கிடைக்காத இடத்தில் ஹாலஜன் விளக்கின் முன் பிடித்துக் காய்ச்சுவதைப் பார்த்திருக்கிறேன், நேரம் பிடிக்கும். குளிர்சாதன அறையில் பறையை வைக்கவே கூடாது.

தமிழ்த்தாய் வாழ்த்தை ஒலிப்பதிவாகப் போடாமல் மாணவர்களைப் பாடவிடுங்கள், 55 நொடிதான். அதற்குப் பிறகு பேச்சாளர்கள் ஆளுக்கு மூன்று நிமிடம், மொத்தம் மூன்று பேர். முதல் முறை ஏழு பேர் பேசினார்கள். கிரீடம் கட்டியவர் உட்காரவும் முடியாமல் சாயவும் முடியாமல் 55 நிமிடம் திரைக்குப் பின்னால் நின்றார். வியர்வையில் அரிதாரம் கன்னத்திலிருந்து கழுத்துக்கு வழிந்தது. பொன்னாடைகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது அந்தக் காசுக்கு அவர்களுக்குச் சலங்கைத் தோல் வாங்கிக் கொடுங்கள்.

சாப்பாடு விஷயத்தில் ஒன்றே ஒன்று: ஆடுகிறவர்கள் முன்னால் கொஞ்சம்தான் சாப்பிடுவார்கள், முடிந்த பிறகு நன்றாகப் பசிக்கும். இரவு 9.30க்கு வளாகக் கேன்டீன் மூடியிருக்கும். முன்னதாக வாங்கி வையுங்கள். பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பை தமிழ்நாட்டில் 2019 முதல் தடையில் இருக்கிறது. எவர்சில்வர் டம்ளர் வாடகைக்குக் கிடைக்கும். தெருவில் ஃப்ளெக்ஸ் வைக்காதீர்கள்.

10. மறுநாள் முதல் பத்து நாள்

முன்பணத்தைச் சரிக்கட்டுவதைத் தள்ளிப்போட்டால் அடுத்த முறை உங்கள் பேராசிரியர் கையெழுத்துப் போடமாட்டார். ரசீதுகளைத் தேதி வரிசையில் வெள்ளைத் தாளில் ஒட்டி, எண் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒருங்கிணைப்பாளரின் சுருக்கொப்பம் வாங்குங்கள். தணிக்கையில் எங்களுக்கு வந்த ஆட்சேபங்கள்: தேதி இல்லாத தேநீர் பில், சுங்கச்சாவடிக் கட்டணத்துக்கு ஃபாஸ்டாக் அறிக்கை இல்லை, வேனின் பயணச் சீட்டில் கிலோமீட்டர் எழுதவில்லை. மூன்றையும் ஓட்டுநர் கிளம்பும்முன் வாங்கியிருந்தால் ஐந்து நிமிட வேலை. பிறகு வாங்க ஐந்து வாரம் ஆனது.

வருகைப் பதிவேடு, அழைப்பிதழ், ஒரு பக்க அறிக்கை, இடக்குறியீடு (ஜியோடேக்) பதிந்த நான்கு படங்கள் ஆகியவற்றைத் துறை கேட்கும். கல்லூரிகளுக்குத் தரம் தரும் நாக் (NAAC) அமைப்பின் மதிப்பீட்டுக் கோப்புக்கு அவை வேண்டும். கைப்பேசியில் இடக்குறியீட்டை முன்னதாகவே இயக்கி வையுங்கள். நாங்கள் எடுத்த 300 படங்களில் ஒன்றில்கூட அது இல்லை. கடைசியில் கட்டியங்காரனோடு தற்படம் எடுத்துக்கொண்ட முதலாண்டு மாணவி ஒருத்தியின் கைப்பேசியிலிருந்து நான்கு படங்கள் கிடைத்தன. அறிக்கையில் இன்றைக்கும் அவள் முகம்தான் பெரிதாக இருக்கிறது.

காப்புத் தொகைக்கு விண்ணப்பிக்கும்போது மூலச் சலானைக் கேட்பார்கள், நகல் செல்லாது. அதைக் கட்டிய அன்றே படம் எடுத்துவிட்டு, மூலத்தை நிகழ்ச்சிக் கோப்பில் வைக்காமல் தனியாக வைத்திருங்கள். எங்கள் 10,000 ரூபாய் திரும்பி வர 26 நாள் ஆனது.